பேஸ்மென்றுக்கு வாசல் வெட்டுவது முதலீடு அல்ல, ஆசை!

ரொறன்ரோப் பக்கம் எங்கட ஆக்கள் நாலு பேர் கூடினால் மூன்று விசயம் கட்டாயம் கதைபடும். ஒன்று மோட்கேஜ் வட்டி, இரண்டு யாருடைய பிள்ளை எந்த யுனிவர்சிற்றி, மூன்று பேஸ்மென்ற். இந்த மூன்றாவது விசயத்தில் அண்மைக்காலமாக ஒரு புது வியாதி தொடங்கியிருக்கிறது. அதுக்குப் பெயர் வோக்-அவுட்.

"பேஸ்மென்ற் முடிச்சாச்சு, இனிப் பின்னுக்கு ஒரு வோக்-அவுட் வெட்டி விட்டியள் எண்டால் வீட்டு விலை சும்மா ஏறும்" என்று ஒரு மாமா சொல்லுவார். பக்கத்தில் இருக்கிற இன்னொரு மாமா தலையாட்டுவார். வீடு விற்பவர் சொல்லுவார், கொன்றாக்ரர் சொல்லுவார். சொல்லுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வேலையில் கமிசனோ கூலியோ இருக்கிறது. மிச்சப் பாதிப் பேர் தாங்கள் ஏற்கனவே வெட்டிவிட்டார்கள், அது சரியான முடிவு என்று இன்னும் நாலு பேர் ஒத்துக்கொள்ள வேணும். கணக்குப் போட்டுப் பார்த்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

சரி, நான் படிக்கிறது கொமர்ஸ். கணக்கு நான் போடுகிறேன்.

முதலில் சொல்லப்போகிறதைச் சொல்லிவிடுகிறேன். சமதரைக் காணியில் இருக்கிற வீட்டில், ஏற்கனவே வேலை முடிந்த பேஸ்மென்றுக்கு, பின்சுவரை வெட்டி வாசல் வைப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு நட்டம். காசு நட்டம் மட்டும் இல்லை. அதே காசில் ஒரு சின்னப் பங்கைச் செலவழித்துக் கீழே படுக்கிற மனிசரின் உயிரைக் காப்பாற்றலாம். அதைச் செய்யாமல் இதைச் செய்கிறார்கள். என்னுடைய கோபம் அங்கேதான்.

முதலில் பெயரைச் சரியாக்குவோம். உண்மையான வோக்-அவுட் என்பது சரிவான காணியில் வருவது. வீட்டின் முன்பக்கம் உயரம், பின்பக்கம் பள்ளம். பேஸ்மென்றின் தரையும் பின்வளவின் தரையும் ஒரே மட்டம். கதவைத் திறந்தால் புல். றூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டின சில வீடுகளில் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் வரும், மேல்வீட்டில் இருக்கிற உணர்வு வரும். அதுக்கு விலை இருக்கிறது, நான் மறுக்கவில்லை.

ஆனால் ஸ்காபரோவிலும் பிரம்ரனிலும் மார்க்கத்திலும் எங்களில் முக்கால்வாசிப் பேர் இருக்கிறது தட்டையான காணியில். அங்கே "வோக்-அவுட்" என்று வெட்டுவது உண்மையில் ஒரு கிடங்கு. ஆறேழு அடி ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, மூன்று பக்கமும் கொங்கிறீட் சுவர் எழுப்பி, படி இறக்கி, அடியில் ஒரு கதவு. இங்கே வீடு விற்கிற ஆக்களே இதை 'வோக்-அப்' என்று வேறு பெயரில் போடுவார்கள், ஏனென்றால் கதவைத் திறந்தால் நடந்து வெளியே போகமுடியாது, ஏறித்தான் போகவேணும். முதலாவதின் விலையைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள். ஏமாற்று இங்கேயே தொடங்குகிறது.

இந்தக் கிடங்கை வெட்டினால் என்ன நடக்கும்? ரொறன்ரோப் பகுதியில் குளிர்காலத்தில் நிலம் உறைகிற ஆழத்தை 1.2 மீற்றர், அதாவது நாலு அடி என்று எடுத்துத்தான் அத்திவாரம் போடுவார்கள். உங்கட வீட்டின் அத்திவாரத்துக்கு மேலே இப்போது ஆறேழு அடி மண் போர்வை மாதிரிக் கிடக்கிறது. நீங்கள் அந்தப் போர்வையை ஒரு இடத்தில் இழுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அத்திவாரத்துக்குப் பக்கத்திலேயே குளிர்காற்றை இறக்குகிறீர்கள். அடியில் இருக்கிற ஈரமண் உறைந்தால் உப்பும், உப்பினால் அத்திவாரத்தைத் தூக்கும், சுவர் வெடிக்கும். அதனால்தான் அந்த இடத்தில் அத்திவாரத்தை இன்னும் கீழே இறக்கவேணும், அல்லது எஞ்சினியர் கணக்குப் பார்த்து நிலத்துக்கடியில் இன்சுலேசன் வைக்கவேணும். சுவரில் வெட்டின ஓட்டைக்கு மேலே பாரத்தைத் தாங்க ஒரு உத்தரம் வேணும். அத்திவாரத்தைச் சுற்றி ஓடுகிற வடிகுழாய் குறுக்கே வந்தால் அதையும் திருப்பிவிடவேணும். கட்டட பெர்மிற் வேணும். தோண்டுவதற்கு முன்னம் நிலத்தடிக் காஸ், கரண்ட் லைன்களை அடையாளம் போட ஆளைக் கூப்பிடவேணும், அது ஒன்ராறியோவில் சட்டம்.

"பெர்மிற் இல்லாமல் நாலு நாளில் முடிச்சுத் தாறன்" என்று சொல்லுகிற ஆள் இதில் எதைச் செய்யாமல் விடுகிறார் என்று நீங்களே யோசியுங்கோ.

இதுவரைக்கும் வெளியே. உள்ளே? பேஸ்மென்ற் ஏற்கனவே முடிந்தது என்பதை மறக்கவேண்டாம். சுவர்ப்பலகையைக் கழற்றவேணும், தரையை உரிக்கவேணும், வயர் போனால் மாற்றவேணும், கதவு வருகிற இடத்தில் இருந்த அறையோ சோபாவோ போய் அது ஒரு நடைபாதை ஆகவேணும். கொங்கிறீட் வெட்டுகிற தூசு மேல்மாடி வரைக்கும் வரும். பேஸ்மென்ற் வேலை தொடங்கமுன்னம் வாசலை வெட்டியிருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி இல்லை.

இங்கேதான் எங்கட ஆக்கள் ஒரு வாதம் வைப்பார்கள். "ஏற்கனவே நாப்பதாயிரம் போட்டு முடிச்சாச்சு, இன்னும் கொஞ்சம் போட்டு வாசலையும் வெட்டினால்தானே போட்ட காசுக்குப் பலன்?" கொமர்ஸ் முதலாம் வருடத்தில் படிப்பிக்கிற முதல் பாடம் இது. போன காசு போன காசு. நீங்கள் நாப்பதாயிரம் போட்டீர்களா நாலாயிரம் போட்டீர்களா என்பது இன்றைய முடிவில் வரவே கூடாது. இன்று கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இனிப் போடப்போகிற காசு, இனி வரப்போகிற காசைவிடக் குறைவா?

சரி, போட்டுப் பார்ப்போம். ஒரு கணக்குக்காக முழு வேலைக்கும் 50,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேறு தொகை சொல்லியிருந்தால் அதைப் போட்டுப் பாருங்கோ, முறை ஒன்றுதான். வீட்டின் மேல் கடன் எடுத்து, வட்டி 6 வீதம் என்று வைப்போம். வருடத்துக்கு வட்டி மட்டும் 3,000 டொலர், மாதம் 250.

இப்போது வரவு. எல்லாரும் செய்கிற பிழை இதுதான்: "மாதம் 1,700 வாடகை வரும்" என்று முழு வாடகையையும் வாசலின் கணக்கில் எழுதுகிறார்கள். அந்த 1,700 வாசலுக்கு வருகிற காசு இல்லை. குசினிக்கும் பாத்ரூமுக்கும் படுக்கை அறைக்கும் வருகிற காசு. வாசலுக்கு உரியது, வாசல் இருந்தால் வருகிற வாடகைக்கும் இல்லாவிட்டால் வருகிற வாடகைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான்.

ஸ்காபரோவின் 1950கள், 60களின் பங்களோக்களில் பெரும்பாலும் ஏற்கனவே ஒரு பக்கக் கதவு இருக்கிறது. உள்ளே வந்தால் நாலு படி மேலே குசினி, எட்டுப் படி கீழே பேஸ்மென்ற். வாடகைக்கு இருப்பவர் உங்கட ஹோலுக்குள்ளால் போகத் தேவையில்லை. அப்படியான வீட்டில் பின்வாசல் வெட்டினதுக்காக ஒருவர் மாதம் எவ்வளவு கூடத் தருவார்? தாராளமாக 100 டொலர் என்று வையுங்கோ. வருடத்துக்கு 1,200. வட்டி 3,000. அதாவது வாடகை வட்டியையே கட்டாது. இந்தக் கடன் 42 வருடத்திலும் முடியாது, 420 வருடத்திலும் முடியாது. ஒவ்வொரு வருடமும் 1,800 டொலர் உங்கட சட்டைப்பையில் இருந்து போகும்.

"விற்கும்போது எடுக்கலாம்" என்பார்கள். பத்து வருடம் கழித்து விற்பதாக வைப்போம். போட்டது 50,000, கட்டின வட்டி 30,000, கூட வந்த வாடகை 12,000. ஆக, வாங்குகிறவர் அந்தக் கிடங்குக்காக மட்டும் 68,000 டொலர் கூடத் தந்தால்தான் சமன். லாபம் இல்லை, சமன்! (வாடகைக்கு வரி, வட்டிக்குக் கழிவு எல்லாம் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் கதை பெரிதாக மாறாது.) வீட்டை மதிப்பிடுகிறவர்கள் நிலமட்டத்துக்கு மேல் உள்ள பரப்பையும் கீழ் உள்ள பரப்பையும் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். வாசல் வெட்டினாலும் பேஸ்மென்ற் பேஸ்மென்ற்தான்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லவேணும். பக்கக் கதவே இல்லாத வீடு இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் உங்கட முன்கதவால் வந்து, நீங்கள் சாப்பிடுகிற மேசையைக் கடந்துதான் கீழே போகவேணும். அங்கே தனிவாசல் பெரிய விசயம்தான். மாதம் 400 டொலர் வித்தியாசம் என்று வைத்தால் வருடம் 4,800, வட்டி போக மிச்சத்தைக் கடனில் கட்டிவந்தால் 17 வருடத்துக்குக் கிட்ட முடியும். அதுவும் ஒரு மாதமும் வீடு சும்மா கிடக்காமல் இருந்தால்.

இந்த "இருந்தால்" சின்ன விசயம் இல்லை. 2024 ஜனவரியில் கனடா அரசு வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டது. பேஸ்மென்றுகளை நிரப்பிக்கொண்டிருந்தது பெரும்பாலும் அந்த மாணவர்கள்தான். அதன்பிறகு ரொறன்ரோவில் கேட்கிற வாடகைகள் இறங்கின. வட்டியும் அப்படித்தான்: கனடா மத்திய வங்கியின் வீதம் 2022 தொடக்கத்தில் 0.25, 2023 ஜூலையில் 5. பதினேழு வருடக் கணக்கை இப்படியான காற்றில் கட்டி வைக்கிறவர் துணிச்சல்காரர்தான்.

தனிவாசல் வேணும் என்றாலும் கிடங்கு தோண்டத் தேவையில்லை. பேஸ்மென்ற் படிக்கட்டு வெளிச்சுவரோடு சேர்ந்து இருக்கிற வீடாக இருந்தால், படியின் மேல் மட்டத்தில், நிலத்துக்கு மேலே, பக்கச் சுவரில் ஒரு கதவு வைக்கலாம். அதுக்கும் பெர்மிற் வேணும், உத்தரம் வேணும். ஆனால் அத்திவாரத்தைத் தொடவேண்டியதில்லை, தண்ணீர் தேங்கக் கிடங்கும் இல்லை. செலவு வெகுவாகக் குறையும். இதை ஏன் ஒருவரும் முதலில் சொல்லுவதில்லை? காசு குறைந்த வேலைக்குக் கூலியும் குறைவு, அவ்வளவுதான்.

தண்ணீர் என்று சொன்னேன். 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது, பெரும்பகுதி இரண்டு மணி நேரத்துக்குள். 2024 ஜூலை 16ஆம் திகதி அதே இடத்தில் 97.8. அடுத்த மாதம் 17, 18ஆம் திகதிகளில் 128. நூறு வருடத்துக்கு ஒரு மழை என்று சொல்லப்பட்டது இப்போது நாங்கள் டிகிறி முடிக்கமுன்னம் மூன்றுதரம் வந்துவிட்டது. நீங்கள் உங்கட பேஸ்மென்ற் கதவுக்கு முன்னால் ஒரு கொங்கிறீட் தொட்டி கட்டி, அதன் அடியில் ஒரே ஒரு வடிகால் வைத்திருக்கிறீர்கள். ஒக்ரோபரில் மேப்பிள் இலை அதை அடைக்கும். ஜனவரியில் பனி நிரப்பும். மார்ச்சில் உருகும். கதவு எந்தப் பக்கம் இருக்கிறது?

இன்சூரன்ஸ் தரும் என்று நினைக்கவேண்டாம். கனடாவில் மேல்வெள்ளத்துக்கு வீட்டுக் காப்புறுதி கிடைக்கத் தொடங்கியதே 2015இல்தான். அதுவும் தனியாகக் காசு கட்டிச் சேர்க்கவேணும். கழிவுநீர் பின்வருவதற்கான காப்பு இன்னொன்று. உங்கட பொலிசியில் இரண்டும் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கோ.

வரிப் பக்கம் இன்னொரு கண்ணி. சொந்தமாக இருக்கிற வீட்டை விற்றால் மூலதன லாபவரி இல்லை. அதில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டாலும் அந்தச் சலுகை முழுவதும் நிலைக்க வருமான வரித் திணைக்களம் பார்க்கிற விசயங்களில் ஒன்று, வாடகைக்காக வீட்டின் அமைப்பில் மாற்றம் செய்தீர்களா என்பது. அத்திவாரச் சுவரை வெட்டித் தனிவாசல் வைப்பதை அமைப்பு மாற்றம் இல்லை என்று எந்த வாயால் சொல்லுவீர்கள்? 2019 முதல் பகுதி மாற்றத்துக்கும் ஒரு தெரிவு மனு கொடுக்கலாம், அதுக்கும் நிபந்தனைகள் உண்டு. வெட்டமுன்னம் கணக்காளரிடம் கேளுங்கோ. வெட்டினபிறகு கேட்டால் அவர் அனுதாபம் மட்டும்தான் தரமுடியும் :-)

இனி எனக்கு முக்கியமான விசயத்துக்கு வருகிறேன்.

என்னோடு படிக்கிற எத்தனையோ பேர் பேஸ்மென்றில்தான் இருக்கிறார்கள். இதை வாசிக்கிறவர்களிலும் கன பேர் இருப்பீர்கள். இரவு இரண்டு மணிக்கு மேலே அடுப்பிலோ சார்ஜரிலோ தீப்பிடித்து, படிக்கட்டு முழுவதும் புகை என்றால் எதால் வெளியே வருவீர்கள்? ஒன்ராறியோ கட்டடக் கோவை படுக்கையறை இருக்கிற தளத்துக்குத் தப்பும் யன்னல் ஒன்றுக்கு அளவு சொல்லியிருக்கிறது: திறந்த இடம் 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, கருவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கவேணும். அது நிலமட்டத்துக்குக் கீழே இருந்தால் முன்னால் 550 மில்லிமீற்றர் வெளி விடவேணும். பெரிய ஆடம்பரம் இல்லை, ஒரு மனிதர் நுழைந்து ஏறக்கூடிய ஓட்டை. அதோடு மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில் தீயைத் தாமதிக்கிற கூரையும் சுவரும், ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கிற புகை அலாரங்கள், காபன் மொனொக்சைட் அலாரம்.

இதெல்லாம் சேர்த்தாலும் கிடங்கு வெட்டுகிற காசின் ஒரு பங்குதான். "வோக்-அவுட் வெட்டினால் அதுவும் தப்பும் வழிதானே?" என்று கேட்பீர்கள். ஒரு வழிதான். ஆனால் வாசல் பின்ஹோலில், படுக்கையறை முன்பக்கம், இடையில் குசினி. தீ குசினியில் என்றால்? அறைக்குள் இருக்கிற யன்னல் அப்போதும் வேலைசெய்யும். பின்வளவில் பளபளவென்று படி கட்டி, உள்ளே பிள்ளை படுக்கிற அறையில் புத்தகம் அளவு யன்னலை அப்படியே விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். படி வெளியில் தெரியும், வருகிற சனம் பார்க்கும். யன்னலை யார் பார்க்கப்போகிறார்கள்?

"அம்மம்மாவுக்கு வசதியாக இருக்கும்" என்கிற காரணமும் அடிக்கடி வரும். முழங்கால் நோகிற அம்மம்மாவை, பெப்ரவரி மாதம், பனி உறைந்த பத்துப் பன்னிரண்டு வெளிப்படிகளில் ஏற்றுவதா வசதி? வயதானவர்களுக்காகவோ மாற்றுத்திறனாளிகளுக்காகவோ தனி அலகு கட்டினால் மத்திய அரசு 2023இல் ஒரு வரிச் சலுகை கொண்டுவந்தது, 50,000 டொலர் வரையான செலவில் 15 வீதம் என்று தொடங்கியது. தகுதி இருந்தால் எடுங்கோ. ஆனால் சலுகை கிடைக்கிறது என்பதற்காக அவர் ஏறமுடியாத படியைக் கட்டவேண்டாம்.

எப்போது வெட்டலாம்? எனக்குத் தெரிந்து மூன்று சந்தர்ப்பம். காணி உண்மையிலேயே சரிவாக இருந்து, தோண்டுவது கொஞ்சம்தான் என்றால். அத்திவாரத்துக்குத் தண்ணீர்த்தடை போட எப்படியும் அந்தப் பக்கம் தோண்டப்போகிறீர்கள் என்றால். வேறு எந்த வழியாலும் தனிவாசல் வைக்கமுடியாது, சட்டப்படி பதிந்து பதினைந்து இருபது வருடம் வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்றால். ஒன்ராறியோ 2022இல் கொண்டுவந்த 23ஆம் இலக்கச் சட்டமூலத்துக்குப் பிறகு நகரப்புற வீட்டுக்காணிகள் பெரும்பாலானவற்றில் மூன்று அலகு வரை வைக்கலாம், ஆகவே சட்டப்படி செய்யமுடியாது என்று ஒருவரும் சாட்டுச் சொல்லமுடியாது.

நாலாவதாக, "எனக்கு ஆசை, காசு இருக்கு, வெட்டுறன்" என்றால் தாராளமாக வெட்டுங்கோ. ஒருவரும் சுற்றுலா போய்வந்து அதை முதலீடு என்று சொல்லுவதில்லை. அதுபோல இதையும் செலவு என்று சொல்லிச் செய்யுங்கோ. எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. இரண்டு வேலை செய்து மோட்கேஜ் கட்டுகிற குடும்பத்திடம் போய் இதை முதலீடு என்று சொல்லிக் கடனுக்குள் இறக்குவதுதான் பிரச்சினை.

ஆகவே அடுத்தமுறை கொன்றாக்ரர் அளவுநாடாவோடு பின்வளவுக்குப் போகமுன்னம் அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய், படுக்கையறை யன்னலை முதலில் அளக்கச் சொல்லுங்கோ. 380 மில்லிமீற்றர் வருகிறதா என்று பாருங்கோ. வராவிட்டால் உங்கட முதல் வேலை அதுதான். வாசலைப்பற்றிப் பிறகு கதைப்போம்.